ஆயிரமாவது ஊர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாதவனுக்கு முதுகுவலி வராமல் வேறென்ன வரும். உன் வீட்டுக்காரி நலமா? வாண்டுக்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று போன கடிதத்திலேயே கேட்டேன். நீ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பதில் எழுதியிருந்தாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போடும் நர்ஸின் தம்பி மகளுக்கே ஊசி போடவில்லை என்றால் என் மானம் என்ன ஆவது?

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊருக்கு மின்கம்பம் வந்துவிட்டது. மொத்தம் முப்பத்தொன்று. அதில் ஒன்றைச் சுகாதார நிலையத்து வாசலிலேயே நட்டிருக்கிறார்கள். கம்பி எங்கே என்று லைன்மேனைக் கேட்டேன். ஆள் நெட்டையாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் ஊரில் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர். "அடுத்த வாரம் வந்துடும் நர்ஸம்மா. கம்பம் வந்த பின்னாடி கம்பி எங்க போயிடப் போகுது" என்றார்.

எனக்கு வெளிச்சம்கூட முக்கியமில்லை. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ்தான் முக்கியம். அது மண்ணெண்ணெயில் ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். கீழே விளக்கு எரிந்தால் மேலே குளிரும். எப்படி என்று கேட்காதே, பத்து வருடமாகத் திரி வெட்டிக் கெஞ்சிக் கூத்தாடி அதை ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கே தெரியாது. தடுப்பூசி மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறினாலும் அது வெறும் தண்ணீர்தான். எப்போதோ யாரோ தானமாக அனுப்பிய கரண்ட் ஃபிரிட்ஜ் ஒன்று பெட்டிகூடப் பிரிக்காமல் மூலையில் நிற்கிறது. அதன் மேல் நான் ரிஜிஸ்டர்களை அடுக்கி வைத்திருக்கிறேன். இனி அதைப் பிரிக்கலாம்.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். பாலம் கட்ட வந்த பொறியாளரின் கேமராவை இரவல் வாங்கி உன் மாமா எடுத்தது. பஸ் ஓட்டுகிறவர் பஸ்ஸை மட்டும் ஓட்டினால் போதும் என்று இதைப் பார்த்தால் உனக்கும் தோன்றும். கம்பத்தின் தலையை வெட்டிவிட்டார். என்னை மட்டும் முழுசாக எடுத்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் மாமாவும் சுகம்தானே? வாண்டுக்கு ஊசி போட்டாயிற்று. அழவில்லை. ஊசி போட்டவரை முறைத்துப் பார்த்தாள். உங்கள் சாயல்.

ரேடியோவில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுதந்திரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் அமைச்சர் பேசினார். "ஆயிரம் ஊர்களுக்கு ஒளி கொடுத்துவிட்டோம்" என்றார். அந்த ஆயிரமாவது ஊர் எது என்று சொன்னார் பாருங்கள், நம் ஊர். பேரைச் சரியாகக்கூட உச்சரிக்கவில்லை. இருந்தாலும் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பின்வரிசையில் நின்றிருந்த நான் பக்கத்தில் இருந்தவரிடம், "அது எங்க ஊருங்க" என்றேன். அவர் எனக்குக் கை கொடுத்தார்.

வெள்ளைக்காரன் காலத்தில் வரைபடத்திலேயே இல்லாத ஊர் அக்கா நம்முடையது. நம் அப்பா அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நம்மைப் படிக்க வைத்த ஊர். அது அமைச்சர் வாயில் வந்தது.

ஆயிரமாவது இடத்தில் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்பது ஒரு கதை. நேரில் சொல்கிறேன். மின்துறை அலுவலகத்தில் எங்கள் பட்டியல் பிரிவுக்கே நல்ல பேர். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினார். பிரிவு அதிகாரி பதவிக்கு இந்த வருடம் என் பேர் போகும் என்கிறார்கள்.

உங்கள் போட்டோ என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மாமாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் மாமாவுக்கு இருமல் இருந்தது, போய்விட்டது. நீங்கள் எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாண்டு அழவில்லை என்று படித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை.

ரேடியோவில் கேட்டோம். கடைவீதியில் ரேடியோ வைத்திருக்கும் தையல்காரர் கடை முன்னால் ஊரே கூடியிருந்தது. நம் பேர் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்போது கேள். மார்ச் மாத மண்ணெண்ணெய் வரவில்லை. பதிலுக்கு ஒரு கடிதம் வந்தது. "மின்வசதி பெற்ற ஊர் ஆதலால் சுகாதார நிலைய ஃபிரிட்ஜுக்கான மண்ணெண்ணெய் ஒதுக்கீடு இம்மாதம் முதல் நிறுத்தப்படுகிறது." ஆதாரத்துக்கு உங்கள் துறைப் பட்டியலின் கடைசிப் பக்கத்து நகலையும் கூடவே அனுப்பியிருக்கிறார்கள். ஆயிரமாவது வரியில் நாம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறோம். கம்பம் இருக்கிறது. கம்பி இல்லை. ஒட்டடைக்குச்சியைக் கேட்டால், "பட்டியல்ல வந்துடுச்சே நர்ஸம்மா, வேலை முடிஞ்சதா அர்த்தம். இனிமே நான் கம்பி கேட்டா என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க" என்கிறார். இப்போதைக்கு அந்தக் கம்பத்தில் ஆடு கட்டுகிறார்கள்.

மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு மனு எழுதிவிட்டேன். பட்டியலில் உள்ளபடிதான் செய்ய முடியும் என்று இரண்டுக்கும் ஒரே பதில். என்னிடம் நாற்பத்திரண்டு புட்டித் தட்டம்மை மருந்து இருக்கிறது. மழைக்குப் பிறகு தட்டம்மை வரும், வருடா வருடம் வரும். அதுவரை இந்தப் பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும். வீட்டுச் சமையலுக்கு வாங்கும் மண்ணெண்ணெயை ஃபிரிட்ஜுக்கு ஊற்றிவிட்டு நாங்கள் விறகு வைத்துச் சமைக்கிறோம்.

நீ இருப்பதே பட்டியல் பிரிவில். அந்த வரியை எழுதியது யார் என்று எனக்குச் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். இங்கே எல்லோரும் நலம். மாமாவின் இருமல் மறுபடி வரவில்லையே?

வாண்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. விழுந்த பல்லைத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போட்டாள். குடியிருப்பில் எங்கள் தலைக்கு மேலே கூரை ஒழுகுகிறது. பொதுப்பணித் துறையிடம் சொன்னால், கட்டிடம் அவர்கள் பட்டியலில் போன வருடமே பழுது பார்க்கப்பட்டுவிட்டதாம். வாளி வைத்துச் சமாளிக்கிறோம்.

கம்பி ஏன் வரவில்லை என்று விசாரித்தேன். கம்பங்கள் ஒரு நாடு இனாமாகக் கொடுத்தது. கம்பி வாங்க வேறொரு நாட்டின் வங்கி கடன் கொடுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் மூன்றாவது நாட்டிலிருந்து. ஒரு நாட்டு அளவு இன்னொரு நாட்டுக்குப் பொருந்தவில்லை. துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. கடன் கொடுப்பவர்கள் வேறு, மின்வசதி இல்லாத ஊர்களுக்கு மட்டும்தான் எங்கள் கம்பி என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். சுதந்திரம் வாங்கிக் கொடி மாற்றிவிட்டோம், ஆனால் ஒரு ஊருக்கு விளக்குப் போட இன்னும் மூன்று தலைநகரங்களிலிருந்து கடிதம் வர வேண்டியிருக்கிறது.

மண்ணெண்ணெய் விஷயமாக நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கோப்பு மேலே போயிருக்கிறது. பதவி உயர்வுக்கான நேர்முகம் மே மாதக் கடைசியில். உங்கள் ஆசி வேண்டும்.

உங்கள் தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். விறகுப் புகையில் என் கண் கொஞ்சம் எரிகிறது, வேறொன்றும் இல்லை. வாண்டின் பல் கிடைத்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. வீட்டு மண்ணெண்ணெய் பாதி மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு உன் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பஸ் துறைமுகம் வரை போகிறது இல்லையா, அங்கே மீன் கிடங்குக்கு ஐஸ் அடிக்கும் ஆலை இருக்கிறது. தினமும் ஒரு பெரிய ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றி, மரத்தூள் போட்டு, தன் இருக்கைக்குப் பின்னால் முதல் சீட்டில் வைத்துக் கொண்டுவருகிறார். கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டாராம். "சின்னப் பிள்ளைங்களுக்காகப் போறது, அரை டிக்கெட் போடு" என்று இவர் சொல்லியிருக்கிறார். இப்போது பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும் "ஐஸு ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்களாம். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இங்கே வரும்போது பாதி ஆகிவிடுகிறது. அந்தப் பாதி போதும், மறுநாள் வரை தாக்குப்பிடிக்கிறது. உன் மாமாவைப் பற்றி நான் போட்டோ விஷயத்தில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தங்கமான மனுஷன்.

போன கடிதத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தாய். பல், கூரை, துறைமுகம், மூன்று நாட்டு விவகாரம் எல்லாம் இருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. அது மட்டும் இல்லை. மென்று விழுங்குகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உன்னிடம் உண்டு.

நேர்முகம் நன்றாக நடக்கட்டும். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். உங்கள் கண் எரிச்சலுக்கு மருந்து போடுகிறீர்களா?

பார்சலில் ஒரு நல்ல ஐஸ் பெட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே தக்கை வைத்தது. இதில் வைத்தால் மாமாவின் ஐஸ்கட்டி முக்கால்வாசியாவது வந்து சேரும். நேர்முகம் முடிந்தது. நன்றாகவே செய்தேன். ஜூலையில் உத்தரவு வரும் என்கிறார்கள்.

வேறு விசேஷமில்லை. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தையும் விரும்புகிறேன். பெட்டி வந்தது, நன்றி.

மழையில் பாலத்து வேலை இடிந்து மூன்று நாள் பஸ் வரவில்லை. மண்ணெண்ணெயும் இல்லை. ஈரத்துணி சுற்றிப் பார்த்தேன். கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தேன். இரண்டாம் நாள் காலை பத்தொன்பது டிகிரி. மிச்சமிருந்த ஐஸுக்குள் கொள்ளாத பதினொரு புட்டி போய்விட்டது. குழி தோண்டிப் புதைத்தேன். ஐஸோடு உன் பெட்டியில் இருந்த மீதியைக் குவாரிக்கு வந்த லாரிக்காரர் ஒருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கொண்டுவந்த ஐஸில் காப்பாற்றினோம்.

கல்குவாரிக் குடியிருப்பில் நாலு வயதுப் பெண் குழந்தைக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது. அந்த வாரம் ஊசி போடவேண்டிய வரிசையில் இருந்த பிள்ளை. காய்ச்சல் நூற்று நாலு. நான் அங்கேதான் தங்கியிருக்கிறேன். கண்ணைத் திறக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள். பார்க்கலாம்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் கிடைத்தது. அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுதுங்கள். எங்கள் நலம் கிடக்கட்டும்.

அந்த வரியை எழுதியது நான்தான்.

விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. பட்டியலில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஊர். இயக்குநர் வந்து, "ஆயிரம் வேணும்ப்பா, எங்கேயிருந்தாவது ஒண்ணு கொண்டா" என்றார். வெளியூர் ஆய்வாளர்களின் அறிக்கை எதுவும் வந்து சேரவில்லை. உங்கள் போட்டோ மேசையில் இருந்தது. நீங்கள் கம்பத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கம்பத்தின் உச்சி படத்தில் இல்லை. அடுத்த வாரம் கம்பி வரும் என்று நீங்கள் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆசைப்பட்டேன். உங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். பதில் வருவதற்குள் விழா முடிந்திருக்கும், அந்த இடத்தில் வேறு ஊர் உட்கார்ந்திருக்கும். எத்தனை ஊரோ இருக்க நம் ஊரே அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. எழுதிவிட்டேன்.

மார்ச்சில் உங்கள் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். பதவி உயர்வு என் கையைக் கட்டிப்போட்டது. அமைச்சரின் ஆயிரத்தைத் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆக்கியவனுக்கு யார் பதவி கொடுப்பார்கள்? பேசிக்கொண்டிருக்கிறேன், கோப்பு மேலே போயிருக்கிறது என்று எழுதினேனே, அது பொய். நான் யாரிடமும் பேசவில்லை. கோப்பு என் இழுப்பறையில் இருக்கிறது.

உங்கள் கடைசிக் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை அக்கா. அதைத் தாங்க முடியவில்லை. என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

தம்பி


ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தை பிழைத்துவிட்டாள். நேற்று எழுந்து உட்கார்ந்து, என் பையிலிருந்த பேனாவைக் கேட்டு அழுதாள். கொடுத்துவிட்டேன், அதனால் இதைப் பென்சிலில் எழுதுகிறேன். நான் நலம். நீ முதலில் ஒழுங்காகச் சாப்பிடு.

எனக்கு மார்ச் மாதமே தெரியும். பட்டியல் நகலில் குறிப்பு என்ற இடத்தில் "புகைப்படச் சான்று உள்ளது" என்று இருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். கோபம் இல்லையா என்றால், இருந்தது. பதினொரு புட்டியைப் புதைத்த அன்று உனக்கு எழுதிய கடிதத்தை நாலு தடவை கிழித்துப் போட்டேன். ஐந்தாவதுதான் உனக்கு வந்தது.

ஆனால் முழுப் பழியையும் நீயே தூக்கிக்கொண்டு போகாதே. ரேடியோவில் நம் பேர் வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள் என்று எழுதினேனே, நானும் தட்டினேன். தலைக்கு மேலே கம்பி இல்லாத கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டு தட்டினேன். கம்பி இன்னும் வரவில்லை என்று மறுநாளே உனக்கு எழுதியிருக்கலாம். மண்ணெண்ணெய் நிற்கும் வரை எழுதத் தோன்றவில்லை. பேர் வந்த சந்தோஷம் எனக்கும் பெரிதாக இருந்தது.

இப்போது அந்த வரியை எடு. பதவி போனால் போகட்டும் என்று நான் எளிதாகச் சொல்ல மாட்டேன், ஒழுகும் வீட்டில் நான் இல்லை. உன் வீட்டுக்காரியிடம் முதலில் சொல். சொல்லிவிட்டுச் செய். பயமாக இருந்தால் பயந்துகொண்டே செய்.

குவாரிப் பிள்ளைகளுக்கு இரண்டு புட்டி போட்டதுபோக இருபத்தொன்பது புட்டி இருக்கிறது.

உன் அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம், இந்த முறை நிஜமாகவே நலம். மாமாவுக்கும் குவாரிக் குழந்தைக்கும் என் அன்பு. உங்கள் கண் சரியாகிவிட்டதா?

உங்கள் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே வீட்டுக்காரியிடம் சொன்னேன். "இத்தனை நாளா சாப்பாடு இறங்காம இருந்தது இதுக்குத்தானா? நான் வேற என்னமோன்னு நினைச்சுப் பயந்துட்டேன்" என்றாள். எதை நினைத்தாள் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். பிறகு, "பதவி வந்தா மட்டும் கூரை ஒழுகாதா? போய் எழுதிக் குடுங்க" என்றாள்.

மறுநாள் திருத்தப் படிவம் கேட்டு முத்திரைக்காரரிடம் போனேன். எங்கள் பிரிவில் முப்பது வருடமாக முத்திரை குத்துகிறவர். அவர் பீரோவையே குடைந்துவிட்டு வந்து, "இருட்டுலேருந்து வெளிச்சத்துக்குப் போறதுக்குத்தான் ஃபாரம் இருக்கு தம்பி. வெளிச்சத்துலேருந்து இருட்டுக்குப் போறதுக்கு ஃபாரம் அடிக்கவே இல்லை. யாரும் கேட்டதில்லையே" என்றார். அதே படிவத்தை எடுத்து இரண்டு தலைப்பையும் அடித்து மாற்றி எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "போய்ப் பார்க்காமல் குறித்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இயக்குநர் படிவத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு, "இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?" என்றார்.

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா போய்ப் பாரு. ஆயிரத்தையும் பாரு."

தண்டனைதான். பிரிவு அதிகாரி பதவி அடுத்த மேசைக்காரருக்குப் போய்விட்டது. எனக்குச் சரிபார்ப்புப் பிரிவு என்று ஒரு புதுப் பிரிவு. அதில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். ஒரு பையும் பஸ் பாஸும் கொடுத்திருக்கிறார்கள். மாதத்தில் இருபது நாள் சுற்ற வேண்டும்.

பட்டியலில் நம் ஊர் இப்போது இல்லை. அதனால் இந்த மாதமே மண்ணெண்ணெய் வரும். வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் தம்பி


அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் செப்டம்பர் கடிதம் என்னைத் துரத்திக்கொண்டு மூன்று ஊர் தாண்டி வந்து நேற்றுக் கையில் கிடைத்தது. மண்ணெண்ணெய் வந்ததும், இருபத்தொன்பது புட்டியும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததும், புதிதாக அறுபது புட்டி வந்ததும் படித்தேன். பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நான் நலம். முதுகுவலி போய்விட்டது. நடக்கிறேன் அல்லவா, உங்களுக்கு இது பிடிக்கும்.

நூற்று முப்பது ஊர் பார்த்துவிட்டேன். ஐம்பத்தெட்டு ஊரில் கம்பம் மட்டும். மூன்றில் கம்பமும் இல்லை. ஒன்றில் ஊரே இல்லை, அணைக்குள் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் அறிக்கை அனுப்பும்போது என்னைத் தொலைத்துக் கட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் அனுப்பினேன். போன வாரம் இயக்குநரே டெலிபோனில் கூப்பிட்டார். கடன் கொடுக்கும் வங்கி, மின்வசதி இல்லாத ஊர்களின் எண்ணிக்கைக்குத் தகுந்தாற்போல்தான் கம்பி தருமாம். இதுவரை இருபத்தாறு ஊர்தான் இல்லை என்று இருந்ததால் இருபத்தாறு ஊருக்குத்தான் கம்பி வந்தது. இப்போது எண்ணிக்கை ஏற ஏறக் கம்பியும் ஏறுகிறது. துறைமுகத்தில் கிடந்த பெட்டிகளைப் பிரிக்கிறார்களாம். "இன்னும் கொஞ்சம் இருட்டு கிடைக்குமா பாருப்பா" என்கிறார். வருகிற ஆண்டு விழாவில் அமைச்சர் "உண்மையைத் தேடிப் போன அரசு" என்று பேசப் போகிறாராம். அந்தப் பேச்சுக்கு எண்கள் கேட்டு எனக்குத் தந்தி வந்தது.

ஒரு ஊரில் கூடுதல் கம்பி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, நான் வருவதற்குள் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நின்றார்கள். ஆனால் ஒரு வீட்டில் கரண்ட் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. வெளிச்சம் என்றே எழுதினேன்.

புதுப் படிவம் நானே எழுதி அச்சடிக்கக் கொடுத்தேன். இனிமேல் எந்த ஊரையும் நாங்களாகக் குறிக்க முடியாது. அந்த ஊரில் மின்சாரத்தை வைத்து வேலை செய்கிற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊருக்கு யார் கையெழுத்து என்று சொல்ல வேண்டுமா? கம்பி நவம்பரில் வரும். இந்த முறை நான் கிடங்கில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி


டிசம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ வீட்டுக்குப் போனாயா, இல்லை இன்னும் தெருத் தெருவாக விளக்கைப் பார்த்துக்கொண்டு திரிகிறாயா? வாண்டு தனியாக எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். அப்பா கறுத்துவிட்டார், ஆனால் இப்போது பாட்டெல்லாம் பாடுகிறார் என்று எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. உன் வீட்டுக்காரியை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

செவ்வாய்க்கிழமை கம்பி இழுத்து முடித்தார்கள். அன்று பிற்பகலே கரண்ட் வந்தது. ஒட்டடைக்குச்சி நிலையத்துக்குள் ஓடிவந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, எரிந்த பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "வந்துடுச்சு நர்ஸம்மா" என்று ஐந்தாறு தடவை சொன்னார். நானும் உன் மாமாவும் மூலையில் நின்ற பெட்டியைப் பிரித்தோம். உள்ளே ஃபிரிட்ஜ் புத்தம் புதிதாக இருந்தது. அதன் மோட்டார் உறுமியது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? ஊரில் யாரும் இந்த முறை கை தட்டவில்லை. ஒவ்வொருவராக வந்து கதவைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். கதவைச் சும்மா சும்மா திறக்காதீர்கள் என்று கத்தியே என் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாளே உன் புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒட்டடைக்குச்சி வந்துவிட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம். "இதெல்லாம் சகஜம் நர்ஸம்மா, போட்டுக் குடுங்க, என் வேலை முடியும்" என்று கெஞ்சுகிறார். எனக்கு வேலை முடியவில்லையே. ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டிக் காலையும் மாலையும் டிகிரி எழுதிக்கொண்டு வருகிறேன். பதினாலு நாள் விடாமல் இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றால் போடுகிறேன். அதுவரை மருந்து பழைய பெட்டியில்தான் இருக்கும், அதன் கீழே விளக்கும் எரியும்.

உங்கள் இயக்குநருக்கு அவசரமாக இருந்தால் அவரை இங்கே வந்து இரண்டு வாரம் உட்காரச் சொல். அவருக்கும் சேர்த்து நான் சமைத்துப் போடுகிறேன். யார் வந்து கேட்டாலும் சரி, நீயே வந்து கேட்டாலும் சரி, தாள் நிறையும் வரை உன் பட்டியலில் எங்கள் ஊர் இருட்டாகவே இருக்கட்டும்.

இதைப் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அது வேறு விஷயம்.

உன் அக்கா